தோல்முட்டைக்குப் பாட்டிலை எடுக்கும் முன்: தீவனக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத் தீவனக் கடைக்காரர்களுக்கு,

வணக்கம்.

மாடு படுத்தால் டாக்டரைக் கூப்பிடுகிற வீட்டில்கூட, கோழி சோர்ந்தால் உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். நாலு கோழிக்கு எதற்குக் கால்நடை மருந்தகம் என்ற நினைப்பு ஒருபக்கம். மஞ்சக்குப்பமோ வில்லியனூரோ, இருட்டிய பிறகும் திறந்திருப்பது உங்கள் கடைதான் என்பது மறுபக்கம். கெட்டி ஓடு இல்லாமல் தோல் மட்டும் மூடிய முட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கோழி தோல்முட்டை போடுது" என்றதும் உங்கள் கை தானாகக் கால்சியம் டானிக் இருக்கும் அலமாரிக்குப் போகிறது. சில கடைகளில் கூடவே ஆன்டிபயாடிக் பொட்டலம் ஒன்றும் வருகிறது. அதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். என்ன தீனி போடுகிறீர்கள்? ஒரு கோழிக்கா, எல்லாக் கோழிக்குமா? எச்சமும் மூச்சும் எப்படி இருக்கின்றன?

தீனியை முதலில் கேட்கச் சொல்வது ஏன் என்று கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிபோலத்தான் உடம்பில் ஒட்டும் என்பதால், நாள் தவறாமல் முட்டையிடும் கோழிக்குத் தினமும் 4 கிராம் வேண்டும். முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம். 110 கிராம் தின்றால் கணக்கு நேராகிவிடும். பிராய்லர் தீவனத்தில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், அதே 110 கிராமில் கிடைப்பது 1 கிராம். ரேஷன் அரிசிக் குருணை 100 கிராமில் 10 மில்லிகிராம் போலத்தான் தேறும். கேழ்வரகில் 340 மில்லிகிராம் உண்டு. தானியங்களில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனாலும் ஓட்டுக்குக் காணாது. தவிட்டை அள்ளிப் போட்டாலோ அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள், இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"எங்க பாட்டி காலத்துல குருணையும் கம்பும் போட்டுத்தானே வளர்த்தாங்க" என்று வாடிக்கையாளர் கேட்பார். பாட்டியின் நாட்டுக்கோழி 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அடுத்த ஈடு வரைக்கும் எலும்பில் மறுபடி சுண்ணாம்புச் சத்து ஏற அவகாசம் கிடைத்தது. தெருவெல்லாம் மேய்ந்து நத்தையும் பூச்சியும் தின்றது. இன்று மாடியிலும் கொல்லையிலும் வளர்வதில் பல, பி.வி.380, கிராமப்பிரியா போன்ற முட்டைக்கோழி இனங்கள். பி.வி.380 ஆண்டுக்கு 300 முட்டையை நெருங்குகிற சாதி. பெரும்பாலும் அடை உட்காராது. தீனியில் கால்சியம் இல்லையென்றால் தன் எலும்பைக் கரைத்து ஓடு போடும். முதலில் தோல்முட்டை, அப்புறம் கால் துவண்டு படுப்பது. அதற்குள் மூன்று பாட்டில் டானிக் விற்றிருக்கும்.

டானிக் கூடாது என்று சொல்லவில்லை. பாட்டிலின் பின்பக்கத்தில் 5 மி.லி.க்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருப்பதைப் படித்து, ஒரு ஓட்டுக்கு 2,000 மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடுமாறும் கோழியை நாலு நாள் தாங்கிப்பிடிக்க அது உதவும். தினசரித் தேவையை அதை வைத்து ஓட்ட முடியாது. சுண்ணாம்புத் தெளிநீரும் இதே கதைதான்: ஒரு லிட்டர் தெளிநீரில் கரைந்திருக்கும் கால்சியம் 1 கிராம்கூட இல்லை, கோழி குடிப்பதோ கால் லிட்டர். தெளியாத சுண்ணாம்பையும் வெற்றிலைச் சுண்ணாம்பையும் தீனியில் கலந்தால் தொண்டை வெந்துவிடும்.

விற்க வேண்டியது கிளிஞ்சல். கடலோரத்தில் கடை வைத்துக்கொண்டு கிளிஞ்சல் இல்லை என்று சொல்வது நமக்கே அழகில்லை. 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக்கு, கடுகைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சிறிதாக உடைத்தது வேண்டும். மாவாக அரைத்தது சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். உடைத்த துண்டோ அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு போடுவதற்கே போகிறது, அதுவும் பெரும்பகுதி இரவில். எனவே கிளிஞ்சலைத் தீனியில் கலக்காமல் தனிச் சட்டியில், மாலை 4 மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். ஒரு கோழிக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், சுமார் 1.9 கிராம் கால்சியத்துக்குச் சமம். கடற்கரையில் பொறுக்கியதை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு போக்கிக் காயவைக்க வேண்டும். ஆலைக்கழிவு கலக்கும் கழிமுகத்துக் கிளிஞ்சல் வேண்டவே வேண்டாம். கிளிஞ்சல் கிடைக்காதவர்கள் வீட்டு முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் பத்து நிமிடம் வறுத்து நொறுக்கிப் போடலாம்.

லேயர் தீவனத்தை 50 கிலோ மூட்டையாக மட்டும் விற்றால் நாலு கோழிக்காரர் வாங்க மாட்டார். அவருக்கு மாதம் 13 கிலோ போதும். 5 கிலோவாகப் பிரித்து விற்கும்போது, மூட்டையிலுள்ள தயாரிப்புத் தேதியைப் பொட்டலத்தின் மேல் எழுதிக் கொடுங்கள். நாள்பட்ட தீவனத்தில் வைட்டமின் டி3 குறைந்துபோகும். அது குறைந்தால் கால்சியம் எவ்வளவு இருந்தும் குடலில் ஏறாது. வெயில் படாத மாடிக்கூண்டுக் கோழிக்கு இது இரட்டை அடி. இன்னொன்று, வீட்டில் குஞ்சும் இருக்கிறதா என்று கேளுங்கள். 16 வாரத்துக்குக் கீழுள்ள குஞ்சுக்கு லேயர் தீவனம் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டு இறந்தும் போகலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு கோழி, அதுவும் இப்போதுதான் முட்டைக்கு வந்த விடைக்கோழி என்றால் முதல் இரண்டு மூன்று வாரம் தோல்முட்டை வருவது சகஜம். தீபாவளி வெடிக்கும், நாய் துரத்தலுக்கும் பயந்து ஓடு முடியுமுன் முட்டையைத் தள்ளிவிடுவதும் உண்டு. இவற்றுக்கு எதையும் விற்க வேண்டாம்.

ஆனால் அந்த ஒற்றைக் கோழி வாலைத் தாழ்த்தி, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நின்று, முக்கி முக்கிப் பார்க்கிறது என்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது. தோல்முட்டைதான் அதிகம் சிக்கும். ஓடு கெட்டியாக இல்லாததால் கருப்பைத் தசை பிடித்துத் தள்ள முடிவதில்லை. முழங்கையை விட்டால் இதமாகச் சுடுகிற வெந்நீரில் கோழியின் பின்பாதியை 15 முதல் 20 நிமிடம் அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். துடைத்து, எச்சத் துவாரத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான கதகதப்பான பெட்டியில் விட வேண்டும். வயிற்றை அமுக்கவே கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் வயிற்றுக்குள் சீழ் வைத்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். கால்சியம் ஊசி அவர் போட வேண்டியது, கடையில் வாங்கி வீட்டில் போடுவதல்ல.

எல்லாக் கோழியும் ஒரே வாரத்தில் தோல்முட்டை போட்டால், முதலில் தீனி மாறியதா என்று பாருங்கள். அடுத்து வெயில். கத்திரியில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். தகரக் கூரைமேல் தென்னங்கீற்று, நிழலில் மண்சட்டித் தண்ணீர், தீனி விடியலிலும் மாலையிலும். அவ்வளவுதான் வைத்தியம்.

தீனியும் வெயிலும் சரியென்றால் நோய். எச்சம், மூச்சு பற்றிய மூன்றாவது கேள்வி இதற்குத்தான். ஓடு சுருக்கம் விழுந்து, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால், கோழிக்குச் சளிச்சத்தமும் இருந்தால், மூச்சுக்குழாயைத் தாக்கும் பிராங்கைட்டிஸ் வைரஸாக இருக்கலாம். கோழி நன்றாகத் தின்று திரிகிறது, ஓடு மட்டும் முதலில் நிறம் வெளுத்து, பிறகு மெலிந்து, பிறகு இல்லாமலே போகிறது என்றால் 1976 முதல் பேசப்படும் முட்டை வீழ்ச்சி நோயைச் சந்தேகிக்கலாம். அதற்கு வாத்துதான் இயல்பான இருப்பிடம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடை வயலில் வாத்து மேயும் ஊர்களிலிருந்து வருபவரிடம், வாத்தும் கோழியும் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றனவா என்று கேளுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கல், இறக்கை தொங்கல் என்றால் வெள்ளைக்கழிச்சல். மூன்றும் வைரஸ். ஆன்டிபயாடிக் மூன்றுக்கும் வேலை செய்யாது.

ஆன்டிபயாடிக் பொட்டலம் சும்மா இருப்பதும் இல்லை. டெட்ராசைக்ளினும் கால்சியமும் குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இரண்டையும் ஒரே பில்லில் விற்றால் இரண்டும் வீண். சல்ஃபா மருந்துகளே ஓட்டை மெலியவைக்கும், ஓடில்லா முட்டையையும் வரவழைக்கும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்கு விற்பது 2019 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை. பழைய இருப்பு எங்காவது அட்டைப்பெட்டிக்கு அடியில் கிடந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கும் மருந்து முட்டையில் எத்தனை நாள் இருக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்த முட்டையைத் தின்பது பெரும்பாலும் அவர் வீட்டுக் குழந்தை.

ஒன்றிரண்டு நாளில் பல கோழி திடீரென்று செத்து, கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் அதைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவர விடாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டு அவர்களை வரச் சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. நனைந்து காய்ந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு ஏறும். அது ஈரலைக் கெடுத்து வைட்டமின் டி வேலையையும் நிறுத்திவிடும், ஓடு மெலியும். மூட்டையைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். கட்டி தட்டிய புண்ணாக்கை உடைத்துக் கலந்து விற்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் வழி: 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, 4ஆம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, 8ஆம் வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்-டூ-பி என்ற தடுப்பூசி 0.5 மி.லி. முட்டைக்கு வந்தபின் ஆர்-டூ-பி போட்டால் முட்டை குறையும், எனவே முன்பே முடித்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், சிறிய குப்பியே பெரும்பாலும் 100 கோழிக்கானது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழிக்காரர் தனியாக என்ன செய்வார்? உங்கள் கல்லாவில் ஒரு நோட்டுப் போடுங்கள்: பெயர், தெரு, கோழி எத்தனை, வயது என்ன. 80 கோழி சேர்ந்ததும் பக்கத்து மருந்தகத்தில் பேசி ஒரு காலை நேரத்தை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடலாம். நோய் கண்ட கோழியை அன்று கொண்டுவர வேண்டாம் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீட்டுக்கோழி வளர்ப்போர்