கடன் நோட்டைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கம் வேண்டும் என்று வாசகர்கள் எழுதுகிறார்கள், சரி. ஆனால் பேச்சு உண்டியலோடு நின்றுவிடுகிறது. என் வீட்டிலும் உண்டியல் இருந்தது. கடனைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

அப்பா காசு விஷயத்தில் கெட்டிக்காரர் என்றே நம்பியிருந்தோம். அவர் போன பிறகு பீரோவைத் துழாவியபோது துணிகளுக்கு அடியில் ஒரு நோட்டு கிடைத்தது. வட்டி கட்டிய தேதிகள் வரிசையாக ஏழு பக்கம். அசல் மட்டும் முதல் பக்கத்தில் இருந்தபடியே கடைசிப் பக்கத்திலும் இருந்தது. அம்மாவுக்கே தெரியாது. மனிதர் யாரையும் ஏமாற்றவில்லை. பிள்ளைகள் காதில் பணப்பேச்சு விழக்கூடாது என்று நினைத்த ஆள், அவ்வளவுதான்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, தவணை தவறவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போனது. ஒருநாள் மகள் பில்லைப் பார்த்துவிட்டாள். என் கை தானாகவே அந்த வரியை மறைக்கப் போனது. அவளோ, "மாதம் 3 சதவீதமா? 72ஐ 3ஆல் வகுங்கள். கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் பாக்கி இரண்டு மடங்கு" என்றாள். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494லேயே எழுதிவைத்த கணக்காம் இது. என் காதுக்கு வந்துசேர 51 வயது ஆகியிருக்கிறது!

அதே கணக்கைச் சேமிப்புக்கும் போட்டுக் காட்டினாள். ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைத்தால் 9 ஆண்டில் பணம் இரட்டிக்கும். 24 வயதில் போட்ட தொகை 60 வயதில் 16 மடங்கு. அதையே 33 வயதில் போட்டால் 8 மடங்குதான். நான் 33ஐத் தாண்டி எவ்வளவோ காலமாகிறது என்பதை அவள் சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் மூவரும் பில்களோடு உட்காருகிறோம். போனில் யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது என்று பாட்டிக்குப் பேத்தி சொல்லித் தந்தாள். ஆசைப்பட்ட பொருளின் பெயரைத் தாளில் எழுதி ஒரு வாரம் ஒட்டிவை, அப்புறம் வாங்கலாம் என்பது பாட்டி தந்த பாடம். பாதிப் பெயர்களை மகளே அடித்துவிடுகிறாள்.

உங்கள் சிறுவர் பகுதியில் புதிர்களுக்கு நடுவே, கடன் பில்லை எப்படிப் படிப்பது என்றும் ஒரு மூலையில் போடுங்களேன்.

என் கார்டு பாக்கி முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கணக்கை மகள்தான் எழுதுகிறாள், தாத்தாவின் நோட்டில் மீதமிருந்த பக்கங்களில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்