மெல்லிய பட்டை பிளேடுக்கு வெளியே விழட்டும்

ஆசிரியருக்கு,

மேசை ரம்பத்தில் 3 மி.மீ. பட்டை வேண்டுமானால் ஃபென்ஸை (பலகையை நேராக ஓட்ட உதவும் தடுப்புச் சட்டத்தை) பிளேடிலிருந்து 3 மி.மீ. தள்ளி வைத்து அறுத்தால் போதும் என்றே வேலை பழகுவோர் பலரும் நினைக்கிறார்கள். இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். அறுபட்ட பட்டை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே பிடிமானமின்றிக் கிடக்கும். பின்பக்கத்தில் மேலெழும் பற்கள் அதைத் தொட்டால், நிற்பவரை நோக்கி ஈட்டிபோலப் பாயும். அந்தச் சந்தில் தள்ளுகட்டையும் நுழையாது. இடிக்கிறதென்று பிளேடு மூடியையும் கழற்றிவிடுகிறார்கள்.

பட்டை, ஃபென்ஸ் இல்லாத பக்கம் விழ வேண்டும். அதற்கான ஜிக்கை (அளவு மாறாமல் அறுக்க உதவும் துணைக்கருவியை) பட்டறையிலேயே செய்யலாம். ஃபென்ஸ் இல்லாத பக்கம், மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் மைட்டர் பள்ளத்தில் ஆட்டமின்றி நகரும் கடின மரச் சட்டம் ஒன்று, அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட் துண்டு. சட்டத்துக்குக் குறுக்காக பிளைவுட்டில் இரண்டு நீளத் துளைகள் போட்டு, 6 மி.மீ. போல்ட், விங் நட் வைத்து இறுக்குங்கள். ஒரே போல்ட் போட்டால் மரம் தட்டும்போது பிளைவுட் திரும்பி அளவு கெடும். பிளேடைப் பார்க்கும் முனையில் சிறு பேரிங் அல்லது உருண்டைத் தலைத் திருகு. பிளைவுட்டுக்கு வெளியே நீளும் சட்டத்தின் நுனியில் நெடுக ஒரு வாள்வெட்டு. அதில் கூம்புத் தலைத் திருகை இறக்கி முறுக்கினால் வெட்டு விரிந்து, சட்டம் பள்ளத்தில் இறுகிக்கொள்ளும்.

பேரிங் நிற்கும் இடம்தான் உயிர்நாடி. பிளேடின் முன்பற்களுக்கு இரண்டு மூன்று செ.மீ. முன்பாக, அறுப்பவர் பக்கமே இருக்க வேண்டும். பிளேடுக்கு நேராக வைத்தால் பட்டையை பிளேடோடு நெருக்கி, மரம் நம்மை நோக்கிப் பாயும், தவிர்க்க நினைத்த அதே உதையை வரவழைக்கும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அளவு வையுங்கள். பற்கள் இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்திருப்பதால், பேரிங் பக்கம் சாய்ந்த பல்லிலிருந்தே அளக்க வேண்டும். 3 மி.மீ. டிரில் பிட்டின் தண்டே நல்ல அளவுகோல். பிறகு பலகை பேரிங்கை மெல்லத் தொடும்வரை ஃபென்ஸை நகர்த்திப் பூட்டி அறுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஃபென்ஸ் மட்டும் நகரும், பேரிங் அசையாது; பட்டைகள் ஒரே கனத்தில் வரும். அழுத்தித் தொட்டால் முனை வளைந்து கனம் மாறும். இரண்டு வெட்டுக்கு நடுவே பலகை ஓரத்தை இழைத்துக்கொண்டால் ஒரு முகம் வழுவழுப்பாகக் கிடைக்கும். பட்டை ஒரு முனையில் மெலிந்தால், பலகை ஓரத்தின் நேர்த்தன்மையையும் பிளேடுக்கு ஃபென்ஸ் இணையாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிளேடைச் சுற்றியுள்ள வாய்த் தகட்டின் இடைவெளியில் 2 மி.மீ. பட்டை உள்ளே விழுந்து முறியும். அதே வடிவில் பிளைவுட் தகடு வெட்டிப் பொருத்தி, மேலே ஒரு கட்டையைக் கிளாம்பால் இறுக்கி, ஓடும் பிளேடை அடியிலிருந்து மெதுவாக உயர்த்தினால் பிளேடு கனத்துக்கே வெட்டு விழும். பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுபட்ட மரம் பிளேடை நெருக்காமல் தடுக்கும் ரிவிங் நைஃப் என்ற தகட்டுக்காக அந்த வெட்டைப் பின்னால் நீட்டிவிடுங்கள். பட்டை அறுக்கும்போது ரிவிங் நைஃபைக் கழற்றவே கூடாது.

விழுந்த பட்டையை பிளேடு முழுதாக நின்ற பிறகே எடுக்க வேண்டும். பலகை நான்கு விரல் அகலத்துக்குக் குறைந்ததும் வேறு பலகைக்கு மாறிவிடுங்கள்.

இப்படிக்கு,
தச்சுப்பட்டறையிலிருந்து ஒரு வாசகர்