செயலாளரின் ஆண்டறிக்கை: கடுகண்ணாவை, பேராதனைச் சுற்றுலா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, அங்கத்தவர்களே,

எமது ஓய்வூதியர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஆகவே, இவ்வாண்டின் முதன்மை நிகழ்வான ஒருநாள் சுற்றுலாவைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

விடியுமுன்பே மாங்குளத்திலிருந்து பேருந்தில் புறப்பட்டு, ஏ-9 வீதியால் கண்டியை அடைந்து, அங்கிருந்து கடுகண்ணாவை புகையிரத நூதனசாலைக்குச் சென்றோம். 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதற் புகையிரதம் ஓடியதன் 150 ஆவது நிறைவையொட்டி, 2014 இல் இது திறக்கப்பட்டது. புகையிரதத் திணைக்களத்திற் கடமையாற்றிய எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் நீராவி எஞ்சினின் உலை வாயருகே நின்று தந்த விளக்கமே அன்றைய நாளின் பெரும்பேறு. கரியை ஓரிடத்திற் குவிக்காமல் மெல்லிய படையாகப் பரப்பி எறியவேண்டும் என்றும், நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைக் கவனிக்கத் தவறினால் உலையின் மேற்தகடு வெந்துபோகும் என்றும், றம்புக்கணையிலிருந்து செங்குத்தாக உயரும் ஏற்றத்தில் வண்டியைப் பின்னின்று தள்ள இன்னோர் எஞ்சின் பூட்டப்பட்டது என்றும் அவர் கூறக்கூற, அருகில் நின்ற வேற்றூர்ப் பிள்ளைகளும் எம்முடன் சேர்ந்துகொண்டனர்.

வெளியில் ஒழுங்குசெய்திருந்த மதிய உணவு மிகவும் பிந்தியதால், மகாவலி மூன்று புறமும் வளைந்தோடும் 147 ஏக்கர் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அரைவாசியேனும் பார்க்க இயலவில்லை. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் துணைவியாருடன் 1901 இல் நட்ட நாகலிங்க மரத்தைக் கண்டோம். பனை வரிசையைக் கண்ட மாதர் சிலர், "இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டாலும், அதன் நிழலிலேயே நெடுநேரம் இருந்தார்கள் என்பதையும் பதிவுசெய்யவேண்டும்.

எனது அபிப்பிராயத்தில், எஞ்சினைக் கண்ட நாம் அது ஏறிய மலையேற்றத்தை அனுபவிக்கவில்லை. 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கி, இன்று எமது வாசலிலேயே நின்றுபோகையில், அடுத்த பயணத்தைப் புகையிரதத்திலேயே மேற்கொள்ளலாம். பொல்காவலையில் இறங்கிக் கண்டி வண்டிக்கு மாறினால், அந்த ஏற்றத்தை யன்னலருகே இருந்தே பார்க்கலாம். ஓரிரவு தங்கவேண்டியிருக்கும், செலவும் கூடும். எனினும் பூங்காவுக்கு முழுநாள் கிடைக்கும் என்பதால், இதனை ஒரு பிரேரணையாக இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

செயலாளர்