மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டாத நிரல் மறுஆய்வுச் சேவை குறித்துப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஒத்த உருவம் கொண்ட போலி எழுத்துகளையும், எழுத்து ஓடும் திசையை மாற்றும் கண்ணுக்குத் தெரியாத திசைக் குறிகளையும் தங்கள் சேவை கண்டு சொல்லாதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடைகளுக்கு பில் மென்பொருள் எழுதித் தரும் எங்கள் சிறிய நிறுவனம் மூன்று ஆண்டுகளாகத் தங்களிடம் சந்தா செலுத்திவருகிறது. சென்ற மாதம் வெளியாள் ஒருவர் அனுப்பிய நிரல் மாற்றத்தை எங்களில் இருவர் தங்கள் திரையில் வரிவரியாகப் படித்தே ஒப்புதல் அளித்தோம். பில்லை அழிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று சரிபார்க்கும் ஃபங்ஷனின் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியின்) பெயரில், ஆங்கில ‘ஏ’ நிற்க வேண்டிய இடத்தில் அச்சு அசலாக அதே உருவம் கொண்ட சிரிலிக் (ரஷ்ய மொழி எழுதப்படும் எழுத்துமுறை) எழுத்து நின்றது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. நாங்கள் எழுதும் நிரல்மொழியான பைத்தான் 3 இவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும் என்பதால், யார் கேட்டாலும் ‘சரி’ என்று தலையாட்டும் போலி ஃபங்ஷன் ஒன்று உள்ளே புகுந்துவிட்டது.

வேறொரு வேலைக்காக அப்பெயரைத் தேடியபோது, கண்ணெதிரே ஐந்து இடங்களில் இருப்பது மூன்றில் மட்டுமே அகப்பட்டது. எழுத்துகள் கணினியில் சேமிக்கப்படும் எண்களான பைட்டுகளைப் பிரித்துப் பார்த்த பிறகுதான், அந்த எழுத்து மூன்றில் 61 என்றும் மற்ற இரண்டில் ‘டி0 பி0’ என்றும் இருப்பது தெரிந்தது. வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் சிக்கியது எங்கள் நல்ல காலம்.

இதைத் தெரிவித்ததற்கு, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைச் சுட்டும் வசதியை இயக்குமாறு ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். அதை இயக்கினால் ‘மொத்தத் தொகை’ முதல் ‘நன்றி, மீண்டும் வருக’ வரை எங்கள் தமிழ் வரிகள் அனைத்தும் மஞ்சளாகின்றன. இரண்டாம் நாளே யாரும் அந்த மஞ்சளைப் பொருட்படுத்துவதில்லை. க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகிவிடாமல் நிற்க நாங்களே இடும் அகலமற்ற குறியையும், எழுத்து வரிசையைத் தலைகீழாக்கும் திசைக் குறியையும் தங்கள் கருவி ஒன்றாகவே நடத்துகிறது. சோதனைக்காகக் குறிப்புரை ஒன்றில் அத்திசைக் குறியை இட்டுப் பார்த்தோம். வரி புரண்டு தெரிந்ததே தவிர, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அகலமே இல்லாத குறிக்கு மஞ்சள் பூச இடம் ஏது?

இது புதிய சிக்கலும் அன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021 நவம்பர் 1 அன்று ‘டிரோஜன் சோர்ஸ்’ என்ற பெயரில் இதை வெளியிட்டனர். திசைக் குறிக்கு சிவிஇ-2021-42574, ஒத்த உருவ எழுத்துக்கு சிவிஇ-2021-42694 என, பாதுகாப்புக் குறைகளுக்குப் பொதுவாக வழங்கப்படும் பதிவு எண்களும் உள்ளன. அன்றே வெளிவந்த ரஸ்ட் நிரல்மொழியின் 1.56.1 பதிப்பு அத்திசைக் குறிகளைக் கண்டால் பிழை காட்டி நிற்கும்; சி போன்ற மொழிகளின் நிரலை இயங்கு வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கருவியின் 12-ஆம் பதிப்பும் எச்சரிக்கிறது.

ஒரே பெயருக்குள் இரு எழுத்துமுறைகள் கலந்தால் அதை மட்டும் சுட்டவும், திசைக் குறிகளை அவற்றின் எண்ணோடு எப்போதும் வெளிப்படையாகக் காட்டவும், வசதி வரும்வரை எங்கள் சந்தாவை நிறுத்திவைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். 15 நாட்களுக்குள் பொறியாளர் ஒருவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், எங்கள் நிரல் முழுவதையும் வேறு சேவைக்கு மாற்றிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்