மண்டியிட்டவருக்கு ஒரு துணை

வாஷிங்டன் லிங்கன் பூங்காவைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையினருக்கு,

வணக்கம். முச்சந்திக்கு முச்சந்தி சிலை இருக்கும் ஊரில் வளர்ந்தவன் நான். சிலை என்றாலே யார் நிற்கிறார், யார் கை எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் போகும். உங்கள் பூங்காவில் தாமஸ் பால் வடித்த 1876ஆம் ஆண்டுச் சிலையின் படங்களையும் அப்படித்தான் பார்த்தேன். லிங்கனின் வலது கையில் அடிமைகளின் விடுதலைப் பிரகடனம். இடது கை, அரைத்துணியோடு மண்டியிட்டிருக்கும் கறுப்பினத்தவரின் மேல் நீண்டிருக்கிறது. ஆசீர்வாதம் மாதிரியும் இருக்கிறது, ‘இரு, எழுந்திருக்காதே’ என்பது மாதிரியும் இருக்கிறது.

இத்தனைக்கும் மண்டியிட்டவரின் முகம் ஆர்ச்சர் அலெக்சாண்டருடையது. மிசௌரியில் அடிமையாக இருந்து, 1863இல் தானே தப்பி ஓடியவர். லிங்கனின் பிரகடனம் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத்தான்; பிரியாத மிசௌரிக்குப் பொருந்தவே இல்லை. தன் காலை நம்பி ஓடியவரைத்தான் வெண்கலத்தில் மண்டிபோட வைத்திருக்கிறார்கள்.

சிலைக்குக் காசு போட்டதும் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களே. லிங்கன் கொல்லப்பட்டதைக் கேட்டு முதல் 5 டாலரைக் கொடுத்தவர் சார்லட் ஸ்காட். சிலை எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

திறப்பு விழாவில் பேசியவர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ். அவரே சில நாளில் பத்திரிகைக்கு எழுதிவிட்டார்: நாலுகால் பிராணிபோல் அல்லாமல், மனிதராக நிமிர்ந்து நிற்கும் கறுப்பினத்தவரின் சிலையைச் சாவதற்குள் பார்க்கவேண்டும், பூங்காவில் இன்னொன்றுக்கு இடமிருக்கிறது என்று. 1974இல் கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியாட் பெத்யூனின் சிலை அதே பூங்காவுக்கு வந்தபோது, அவரைப் பார்க்கும்படி லிங்கனையே திருப்பி வைத்தீர்கள். (முதுகு காட்டி நிற்பது மரியாதை இல்லை என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது.)

சிலையை எடுக்கச் சொல்லவில்லை. பாஸ்டன் தன் நகலை 2020இல் எடுத்துவிட்டது, சரி. இங்கே இருக்கட்டும், சார்லட்டின் காசு அதில் இருக்கிறது.

அதே நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்திடம் சிற்பி எட்மோனியா லூயிஸ் 1867இல் செதுக்கிய ‘என்றென்றும் சுதந்திரம்’ என்ற சிலை இருக்கிறது. கறுப்பினத் தந்தைக்கும் பழங்குடி வழிவந்த தாய்க்கும் பிறந்தவர் அவர். ஒரு மீட்டர் உயரப் பளிங்கு. அதில் ஆண் நிற்கிறார். தூக்கிய இடது கையில் அறுந்த சங்கிலி. மணிக்கட்டு வளையம் இன்னும் கழலவில்லை. தலைக்கு மேல் வேறு யார் கையும் இல்லை. பக்கத்தில் பெண் மட்டும் மண்டியிட்டிருப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்த வளையத்துக்காகவே அதைக் கேட்கிறேன்.

பல்கலைக்கழகத்தோடு பேசி வெண்கலத்தில் ஒரு வார்ப்பு எடுங்கள். உயரப் பீடமெல்லாம் வேண்டாம், புல்தரையிலேயே வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்த வளையத்தைத் தொட்டுப் பார்க்கும் உயரத்தில்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து ஒரு சிலைப் பைத்தியம்