பதில் சொன்னவங்ககிட்ட ஒரு தடவை திரும்பிப் போங்க: வறுமை ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வறுமை, வட்டார வளர்ச்சி பத்தி ஆராய்ச்சி பண்றவங்க, அதுக்குக் காசு குடுக்குறவங்க, அத வச்சு திட்டம் போடுறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஆறு வருஷம் சர்வே எடுக்குற வேலை பார்த்தவன். உங்க ரிப்போர்ட்ல கடைசிப் பக்கத்துல கூட எங்க பேர் வராது, ஆனா அதுல இருக்குற ஒவ்வொரு எண்ணும் எங்கள மாதிரி யாரோ ஒருத்தர் இன்னொருத்தர் வாசப்படியில உக்காந்து கேட்டு எழுதினதுதான். ரொம்ப நாளா மனசுல கிடந்தத இப்ப சொல்லிடறேன்.

ஒரு வீட்டுல "போன 30 நாள்ல எண்ணெய் எத்தனை லிட்டர் வாங்கினீங்க"ன்னு கேட்டேன். அந்தம்மா உள்ள போய் ஒரு சின்ன பாட்டில எடுத்துட்டு வந்து விரலால ஒரு இடத்தத் தொட்டுக் காட்டி, கூலி வந்த நாள்ல இது வரைக்கும் வாங்குவேன், வராத வாரம் இது வரைக்கும்னு இன்னும் கீழ காட்டினாங்க. டேப்லெட்டுல எண் போடாம அடுத்த கேள்விக்குப் போக முடியாது, அதனால மனசுலயே கூட்டிப் பார்த்து முக்கால் லிட்டர்னு போட்டேன். கூலி வர்றதும் வராததும்தான் அந்தக் குடும்பத்தோட கதையே, அதுக்கு அந்தப் படிவத்துல இடமே இல்ல. அப்புறம் கடன் பத்திக் கேட்டேன். வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க"ன்னுட்டார். அவர் போன் பேச வெளிய போனதும் அந்தம்மா குரலத் தாழ்த்தி ரெண்டு இடத்துல இருக்குன்னு சொன்னாங்க. நான் மாத்தி எழுதினேன். அவர் அன்னைக்கு வெளிய போகாம இருந்திருந்தா அந்த வீடு கடன் இல்லாத வீடுன்னுதான் உங்க அட்டவணையில வந்திருக்கும்.

கிளம்பும்போது "இத எழுதிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க, எங்களுக்கு எப்ப சொல்லுவீங்க"ன்னு கேட்டாங்க. வந்து சொல்லுவாங்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன். யாரும் போகல. நானும் போகல, எனக்கே என்ன முடிவு வந்துச்சுன்னு தெரியாது.

கேக்குற விதம் மாறினா என்ன ஆகும்னு என்னவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். இந்தியாவுல 1990கள்ல, வீடு வீடா செலவு கேட்டு அரசு எடுக்குற தேசிய மாதிரி ஆய்வுல (NSS) சோதனையா, சாப்பாட்டுச் செலவ 30 நாளுக்குப் பதிலா 7 நாளுக்குக் கேட்டுப் பார்த்தாங்க, செலவு கூடுதலா பதிவாச்சு, அந்தக் கணக்குல ஏழைங்க எண்ணிக்கையே கிட்டத்தட்ட பாதியா குறையுற அளவுக்கு. அப்புறம் 1999-2000 சுற்றுல ரெண்டு கேள்வியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டதுல ஒண்ணோட பதில் இன்னொண்ண பாதிச்சிருச்சு, வறுமை குறைஞ்சுதா இல்லையான்னு பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கா வாதம் பண்ணாங்க. 2025 ஜூன்ல உலக வங்கி கடும் வறுமைக் கோட்ட, அதாவது அதுக்குக் கீழ இருந்தா கடும் ஏழைன்னு எண்ணுற அளவ, ஒரு நாளைக்கு 2.15 டாலர்லேருந்து 3 டாலர் ஆக்கினப்போ, புது விலைக் கணக்கும் புதுத் தரவும் சேர்ந்து, உலகத்துல கடும் ஏழைங்க சுமார் 12.5 கோடி பேர் கூடிட்டாங்க. கோட்ட மாத்துறது தப்புன்னு நான் சொல்லல, அதுக்குக் காரணம் இருக்கு. ஆனா அந்த 12.5 கோடிப் பேர்ல ஒருத்தருக்காவது தன்ன எந்தப் பக்கம் வச்சிருக்காங்கன்னு தெரியுமா?

வீட்ட ஒரே ஆளா எண்ணுறதும் எனக்கு உறுத்துது. சஹாராவுக்குத் தெற்க 30 நாடுகள்ல பண்ண ஆய்வுல, எடை குறைஞ்ச பெண்கள், ஊட்டச்சத்து இல்லாத குழந்தைகள் இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அடித்தட்டு 20 சதவீத வீடுகள்ல இல்லவே இல்லன்னு வந்துச்சு. அதாவது ஏழை வீட்டத் தேடித் தேடி உதவி குடுத்தாலும் பசியோட இருக்குற ஆள் பெரும்பாலும் வேற வீட்டுல இருக்காங்க. வாசல்ல உக்காந்து கேட்ட எங்களுக்கு இது ஆச்சரியமே இல்ல, யாரு கடைசியா சாப்பிடுறாங்கன்னு கண்ணால பார்த்திருக்கோம். கேக்கச் சொல்லித்தான் யாரும் சொல்லல.

வட்டார விஷயம் இன்னும் மோசம். கிராம வளர்ச்சி பத்தி ஆராய்ச்சி பண்ண பிரிட்டிஷ்காரர் ராபர்ட் சேம்பர்ஸ் 1980கள்லயே சொல்லிட்டார், வெளியிலேருந்து வர்றவங்க தார் ரோட்ட ஒட்டின ஊரத்தான் பாக்குறாங்க, அதுவும் மழை இல்லாத காலத்துலன்னு. நான் வேலை பார்த்த ஆறு வருஷத்துலயும் பயணத் திட்டம் அப்படித்தான் இருந்துச்சு, ஜீப் போகாத ஊர் வந்தா "மாற்று ஊர் எடுத்துக்கோங்க"ன்னு மெசேஜ் வரும். வேலை இல்லாம, காய்ச்சலோட, கடன் வாங்குற மாசங்கள் மழைக்காலத்துலதான் வரும், அப்ப நாங்க யாரும் அங்க இல்ல. அப்புறம் அந்த எண்ணையெல்லாம் மாவட்ட சராசரியா ஆக்கிடுவீங்க. டவுன் இருக்குற பாதி மேல இழுக்கும், மலைப்பக்கத்துப் பாதி மறைஞ்சுபோகும், மாவட்டம் முன்னேறிடுச்சுன்னு பின்தங்கின மாவட்டப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சர்வேயையும் சேர்த்து சின்னச் சின்ன பகுதிக்கும் வறுமை வரைபடம் போடுற முறை 20 வருஷத்துக்கு மேல இருக்கு, ஆனா அதுக்கு அடியில இருக்குற மக்கள்தொகைக் கணக்கு பழசா இருந்தா வரைபடமும் பழசுதான்.

ஒரு பகுதிக்குன்னே காசு போட்டாலும் அது அந்த ஊரோட ஒட்டலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இத்தாலிக்காரங்க பின்தங்கின தெற்குப் பகுதிய முன்னேத்த 1950ல ஒரு தனி நிதியம் ஆரம்பிச்சு 1984 வரைக்கும் நடத்தினாங்க. ரோடு, தண்ணி வந்துச்சு, முதல் இருவது வருஷம் இடைவெளியும் குறைஞ்சுது, ஆனா அப்புறம் அக்கம்பக்கத்தோட ஒட்டாம நின்ன பெரிய பெரிய ஆலைகளுக்கு "பாலைவனத்துல கட்டின தேவாலயம்"னு பேர் வந்துச்சு. வடக்கு தெற்கு இடைவெளி இன்னைக்கும் இருக்கு.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த ஆய்வுக்கு பட்ஜெட் எழுதும்போது "திரும்பிப் போறதுக்கு"ன்னு ஒரு வரி சேருங்க. ஒரு வருஷத்துக்குள்ள, அவங்க பேசுற மொழியில, ஒரே ஒரு தாள்ல, உங்க பகுதியப் பத்தி இப்படி வந்திருக்குன்னு கொண்டுபோய் படிச்சுக் காட்டுங்க, ரிப்போர்ட் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே. இது தப்புன்னு அவங்க சொன்னா அதையும் ரிப்போர்ட்ல சேருங்க. தனி ஆளோட பதில் மட்டும் வெளிய வரக்கூடாது, அந்தம்மா சொன்ன கடன் அவங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. முடிஞ்சா ஒரு சுற்றாவது மழைக்காலத்துல வைங்க, ஜீப் நிக்குற இடத்துலேருந்து மீதி தூரத்த நடக்க ஆள் குடுங்க.

நடக்குற அந்த வேலைக்கு ஆள் கிடைக்கலன்னா சொல்லுங்க, நான் வரேன். அந்தம்மா வீட்டுக்கு இன்னும் வழி தெரியும்.