வேலையை விட்ட பிறகு வந்த வக்கீல் நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு பீன்யாவில் கட்டிங் டூல்ஸ் விற்கும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் சேல்ஸில் இருந்தேன். நோட்டீஸ் பீரியட் முழுவதும் வேலை பார்த்து, லேப்டாப், சிம் கார்டு எல்லாம் ஒப்படைத்துவிட்டுத்தான் அதே தொழிலில் உள்ள இன்னொரு கம்பெனிக்குப் போனேன். மூன்றாவது வாரம் ஸ்ரீராம்புரம் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. வேலையை விட்டு ஒரு வருடத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதை மீறிவிட்டேன், 15 நாளில் புது வேலையை விடாவிட்டால் 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்கு என்று எழுதியிருந்தார்கள். அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தெரிந்த வக்கீலிடம் ஓடினேன். அவர் முதலில் கேட்டது, "கிளம்பும்போது என்ன எடுத்துட்டு வந்தீங்க?" என்றுதான். விலைப் பட்டியல், கஸ்டமர் லிஸ்ட், டிராயிங் எதையாவது எனக்கே மெயிலில் அனுப்பியிருந்தால் அது வேறு வழக்கு, அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். நான் எதையும் எடுக்கவில்லை. சரி, அப்படியானால் பயப்படாதீர்கள் என்று சொல்லி விளக்கினார். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம், அப்படித் தடுக்கும் அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும்போது போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்ற தடை செல்லும், 1967-லேயே சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றிருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளுகிற தடை செல்லாது என்று 2006-ல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் அதே கோர்ட் சொல்லியிருக்கிறது. பாண்டு பணத்தை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்திருக்கிறது.

பழைய முதலாளிக்குப் போன் போட்டுச் சண்டை போடாதீர்கள், எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்றும் சொன்னார். 15 நாள் கெடு முடிவதற்குள் பதில் அனுப்பினோம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பொருட்களை ஒப்படைத்ததற்கு அவர்களே அனுப்பிய மெயில், 27-வது பிரிவு, கம்பெனி ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை என்ற மறுப்பு, அப்புறம் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், ரிலீவிங் லெட்டர் வேண்டும் என்று இரண்டு கோரிக்கை. புது கம்பெனி எச்.ஆரிடமும் நானே போய் நோட்டீஸைக் காட்டினேன். மறைத்து வைத்து அவர்களுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் என்மேல் இருந்த நம்பிக்கை போயிருக்கும்.

இதை எழுத முக்கியக் காரணம், என்னோடு வேலை பார்த்த வாணியம்பாடிப் பையன். இரண்டு வருடம் முன்னால் அவனுக்கும் இதே மாதிரி நோட்டீஸ் வந்தது. யாரிடமும் கேட்காமல் புது வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஒரு வருடம் சும்மா இருந்தான், தங்கை கல்யாணத்துக்கு வாங்கின கடன் அப்படியே நிற்கிறது. சேர்ந்த அன்றைக்கு இங்கிலீஷில் இருபது பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி, இந்த 27-வது பிரிவைப் பற்றி ஒரு வக்கீலை வைத்து உங்கள் பத்திரிகையில் விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டதன் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கச் சொல்லி அதில் கட்டாயம் சேருங்கள், எனக்கு அது இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீராம்புரம், பெங்களூரு